409

வின்னிபெக், ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
மாதிரிகள் வைக்கும் ஃப்ரீசருக்குள் மைனஸ் இருபதுதான்.
கையுறை மாற்றும்போது இதைச் சொல்லி
நானும் லூபாவும் வாரம் ஒருமுறையாவது சிரித்துவிடுகிறோம்.

பிராண்டன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தது போத்தல்.
பழைய இஞ்சிச் சோடாப் போத்தல், லேபிளைச் சுரண்டியிருந்தார்கள்.
கால் பங்குக்குச் சற்று மேல் மஞ்சள் கசாயம்,
அடியில் வண்டல்.
கூடவே ஒரு தாள்:
ஆண், ஐம்பத்தொன்று, பன்றி இறைச்சி ஆலையில் இரவு வேலை.
வெட்டுமேசைக்குப் பக்கத்தில் சரிந்து விழுந்தார்.
இரத்த அழுத்தம் எழுபதுக்கு நாற்பது.
கானா நாட்டு மூலிகை. நஞ்சா?
கேள்விக்குறியை யாரோ இரண்டு தடவை அழுத்தியிருந்தார்கள்.

நஞ்சா என்று கேட்டால் இயந்திரத்துக்கு விளங்காது.
என்ன எடை என்றுதான் கேட்கவேண்டும்.
வடித்தேன். மெத்தனாலில் நூறு மடங்கு ஐதாக்கினேன்.
ஊசிமுனையில் ஒரு துளியின் பாதிக்கும் பாதி.
பிறகு பம்பின் முனகல்.
திரையில் பச்சைக்கோடு தரையோடு தரையாகப் போகும்,
போகும்,
ஒன்றுமே இல்லையாக்கும் என்று தேத்தண்ணீருக்கு எழும்பும் நேரம்
குன்றாகும்.

ஆறாவது நிமிடம்: 233.
நிபிமா வேரின் ஆல்கலாய்டு. எதிர்பார்த்ததுதான்.
அதுதான் அந்த மஞ்சள். காய்ச்சலுக்கு அங்கே
அவித்துக் குடிப்பதும் அதைத்தான்.
பின்னால் சின்னச் சின்ன மேடுகள்,
தேடினால் "பொருத்தம் இல்லை" என்று வருபவை.
ஒரு வேருக்குள் குடியிருக்கும் இத்தனை பேரில்
ஓரிருவரைத்தான் எங்களுக்குப் பழக்கம்.

ஒன்பதரையாவது நிமிடம்: 409.

சமவெளியில் தானியக் கிடங்கு நிற்பதுபோல்
தனியாக, நெட்டுக்குத்தாக.
வேர் இதைச் செய்யாது. எந்த வேரும் செய்யாது.
உடைத்துப் பார்த்தேன்: 294, 238.
அம்லோடிபின்.
பிரஷருக்கு நாளுக்கொன்று என்று பார்மசியில் தரும் குளிசை.
என் மேசை லாச்சியிலும் கிடக்கிறது,
வாரத்தில் நாலு நாள்தான் ஞாபகம் வருகிறது.

கலப்படம், என்றாள் லூபா.
வேரைச் சொல்லிக் குளிசையை விற்கிறான் எவனோ வியாபாரி.
நானும் அப்படித்தான் எழுதத் தொடங்கினேன்.

நாலு மணிக்குத் தொலைபேசி.
திருமதி ஒஃபோரிவா. எங்கள் எண் எப்படிக் கிடைத்ததோ.
டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்வது விதி.
சொன்னேன்.
அவர் எதையும் கேட்பதற்காக எடுக்கவில்லை.

"வேரைக் குற்றம் சொல்லி எழுதிவிடாதீர்கள்.
அனுப்பியவர் இவருடைய அண்ணன், நேர்மையான மனிதர்.
குளிசையை நான்தான் இடித்துப் போட்டேன்.
டாக்டர் தந்ததை இவர் தொடவே மாட்டார்.
ஆண்மையைத் தின்றுவிடுமாம்.
கசாயமென்றால் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார்.
ஏழு கோப்பை, ஏழு குளிசை. கணக்காகத்தான் போட்டேன்.
தலைவலி நின்றது. பகலில் நித்திரை வந்தது.
பார்த்தாயா எங்கள் வேரை, என்றார்.
ஆமாம் என்றேன்."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.

"இவ்வளவு நன்றாகக் கேட்கிறதே என்று
அன்றைக்கு ஒரேயடியாக ஐந்து கோப்பை குடித்துவிட்டார்."

எழும்பிவிட்டாரா?

"எழும்பிவிட்டார். கசாயம் எங்கே என்று கேட்கிறார்."

எங்கள் படிவத்தில் "மூலம்" என்றொரு கட்டம்.
தட்டினால் இரண்டு சொல் இறங்கும்: இயற்கை, கலப்படம்.
மூன்றாவது இல்லை.
வெறுமையாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது.
கலப்படம் என்றே அழுத்தினேன், விரலுக்குப் பிடிக்காமல்.

பிறகு செறிவு.
கோப்பைக்குப் பத்து மில்லிகிராம் என்று வந்தது.
நம்பாமல் மறுபடி ஓட்டினேன்,
மேலிருந்து ஒருமுறை, வண்டலைக் கலக்கி ஒருமுறை.
பத்து. பத்து.
வீட்டு உரலும் கரண்டியும் வைத்துக்கொண்டு
இவ்வளவு சீராகக் கலந்திருக்கிறார்.
புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதைப் பழக்க
எங்களுக்கு ஆறு மாதம் பிடிக்கிறது.

குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்:
நோயாளி பக்கத்தில் இல்லாத நேரம் மனைவியிடம் பேசவும்.
லூபா வாசித்தாள். என்னைப் பார்த்தாள்.
கையெழுத்துப் போட்டாள்.

போத்தல் மைனஸ் இருபதில் இருக்கிறது.
தொண்ணூறு நாள் வைத்திருக்கவேண்டும்.